ரெண்டு பேர் போனா அதுக்குப் பேரு தனியாவா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. ரிட்டயர் ஆனவளுக்கு நேரம் நிறைய இருக்கிறது, உங்களுக்கு இருக்காது. இருந்தாலும் பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாக, பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். இப்போது தலை நரைத்துவிட்டது என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஹார்பருக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். பெயர் வேண்டாம், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவருடைய மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதியிருக்கிறாள். கப்பல் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம்.

"டீச்சர், பொம்பளப் புள்ள நடுக்கடல்ல தனியா எப்படி டீச்சர்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா. உங்கள மாதிரி டீச்சர் டிரெய்னிங் சேரச் சொல்லுங்க."

"வரச் சொல்லுப்பா, பேசறேன்" என்றேன். என்ன பேசுவேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. அவளிடம் பேசுவதற்கு முன்னால் அவரிடமும், அவர் மாதிரி இருக்கிற உங்கள் எல்லோரிடமும் பேச வேண்டியது இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2024 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகு புறப்பட்டது. நம் கடற்படையின் படகு. கோவாவிலேயே கட்டியது. நீளம் 56 அடி, அதாவது 17 மீட்டர். காசிமேட்டில் கட்டியிருக்கிற விசைப்படகுகளில் ஒன்றைக் கண்ணால் அளந்து பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். அதில் இரண்டே பேர். லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, கோழிக்கோட்டுக்காரர். லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, நம்ம புதுச்சேரிக்காரர். இரண்டு பேரும் பெண்கள்.

இன்ஜினை ஓட்டிக்கொண்டு போகவில்லை. காற்றை நம்பிப் பாய் விரித்துப் போனார்கள். கோவாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஃபிரீமேன்டில். அங்கிருந்து நியூசிலாந்தின் லிட்டெல்டன். அங்கிருந்து பசிபிக் பெருங்கடலைக் குறுக்கே கடந்து, தென் அமெரிக்காவின் தெற்கு நுனியான கேப் ஹார்னைச் சுற்றி, ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி. அங்கிருந்து தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன். பிறகு கோவா. 2025 மே 29 அன்று திரும்பி வந்து சேர்ந்தார்கள். எட்டு மாதம். 25,400 கடல் மைல், அதாவது சுமார் 47,000 கிலோமீட்டர். பூமியின் இடுப்புச் சுற்றளவே 40,000 கிலோமீட்டர்தான் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், மறந்திருக்க மாட்டீர்கள்.

வழியில் 'பாயின்ட் நீமோ' என்று ஓர் இடம். பசிபிக் கடலில், எந்தக் கரையிலிருந்து பார்த்தாலும் மிகத் தூரமான இடம் அதுதான். பக்கத்திலுள்ள நிலமே 2,600 கிலோமீட்டருக்கு அப்பால். அந்த இடத்தில் நிற்பவருக்கு, தலைக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற விண்வெளி நிலையத்துக்காரர்கள்தான் பல நேரம் பக்கத்து வீட்டுக்காரர்கள். 400 கிலோமீட்டர் என்றால் நம்ம ஊரிலிருந்து சேலத்தைக் கொஞ்சம் தாண்டிப் போகிற தூரம். 2025 ஜனவரி கடைசியில் இவர்கள் அந்த இடத்தைக் கடந்தார்கள். சும்மா கடக்கவில்லை, ஆராய்ச்சிக்காகக் கடல்நீர் மாதிரியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அவர்கள் திரும்பி வந்த செய்தியை அன்றைக்கே நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைதட்டல் படங்கள் நிறைய வந்தன. கூடவே எழுத்திலும் வந்தது. "பொண்ணுங்க தனியா போய்ட்டு வந்துட்டாங்களே, பெரிய விஷயம்தான்" என்று ஒருவர். "தனியா எப்படித்தான் விட்டாங்களோ" என்று இன்னொருவர். யார் என்று சொல்ல மாட்டேன், படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

எனக்கு அந்தத் 'தனியா' உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் போயிருக்கிறார்கள். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதுதான் நான் முப்பத்துச் சொச்சம் வருஷம் சொல்லிக் கொடுத்த கணக்கு. இரண்டு பையன்கள் பைக் எடுத்துக்கொண்டு லடாக் போனால் 'ரெண்டு பேரும் சேர்ந்து போனாங்க' என்கிறோம். இரண்டு பெண்கள் போனால் மட்டும் அது எப்படித் 'தனியா' ஆகிறது?

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். கேரளத்தில் திருச்சூர் மாவட்டக் கடற்கரையில் கார்த்திகேயன், கே.சி. ரேகா என்று ஒரு தம்பதி. மீன்பிடித் தொழில். கூலிக்கு ஆள் வைக்க முடியாமல் போனபோது ரேகாவே கணவரோடு படகில் ஏறினார். நான்கு பெண் பிள்ளைகளின் தாய். கணவன் மனைவி இரண்டே பேர், சின்னப் படகு, திறந்த கடல். ஆழ்கடலில் மீன்பிடிக்க உரிமம் பெற்ற இந்தியாவின் முதல் பெண் என்று 2017-ல் கொச்சியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் அவரைக் கௌரவித்தது. இந்தச் செய்தியைச் சொன்னால் நாம் 'புருஷன் பொண்டாட்டி சேர்ந்து போறாங்க' என்போம். தனியா என்று யாரும் சொல்ல மாட்டோம். அங்கேயும் இரண்டு பேர், இங்கேயும் இரண்டு பேர். அப்படியென்றால் நாம் தலையை எண்ணவில்லை. அதில் ஆண் தலை இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

இரண்டே பேர் இருக்கிற படகு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் இந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று புரியும். நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிட்டு இரண்டு பேரும் தூங்க முடியாது. அங்கே ஆழம் கிலோமீட்டர் கணக்கில். படகு இருபத்துநாலு மணி நேரமும் போய்க்கொண்டே இருக்கும். திசை மாறாமல் பிடித்துக்கொள்ளக் கருவி உண்டு. ஆனால் காற்று மாறினால் பாயைத் திருப்ப வேண்டும், காற்று ஏறினால் பாயைச் சுருக்க வேண்டும், பெரிய கப்பல் ஏதாவது குறுக்கே வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் ஒருவர் தூங்கினால் இன்னொருவர் காவல். முறை மாற்றி முறை மாற்றி, பகலும் இரவும், மாதக்கணக்கில். தெற்குப் பெருங்கடலில் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றையும் சந்தித்திருக்கிறார்கள். 2016 வர்தா புயலில் நம் தெருவில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அதைவிடக் கொஞ்சம் குறைந்த காற்று, ஆனால் காலுக்குக் கீழே தரை இல்லை.

வடசென்னைக்காரர்களுக்கு இந்தக் காவல் முறை புதுசு இல்லை. ஹார்பர், மணலி, எண்ணூர், திருவொற்றியூர் கம்பெனிகள் என்று நம் வீட்டு ஆண்கள் ஷிஃப்டிலேயே வாழ்ந்தவர்கள். நைட் ஷிஃப்ட் முடித்து அப்பா பகலில் தூங்கும்போது சத்தம் போடாமல் பல்லாங்குழி ஆடிய பிள்ளைகள் நீங்கள். ஒருவர் நிம்மதியாகத் தூங்க வேண்டுமானால் வேலை தெரிந்த இன்னொருவர் விழித்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்தப் படகில் ரூபா கண்ணை மூடும்போது அவருடைய உயிர் தில்னாவின் கையில் இருந்தது. தில்னா தூங்கும்போது ரூபாவின் கையில். துணை என்று நாம் சொல்கிறோமே, அதற்கு இதைவிட என்ன அர்த்தம் வேண்டும்?

நாம் அனுப்புகிற துணை எப்படிப்பட்டது என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. காலேஜ் முடித்த பெண் மூலக்கொத்தளத்துக்குப் போய் வரவேண்டும் என்றால், எட்டாவது படிக்கிற தம்பியைத் 'துணைக்கு' அனுப்புகிறோம். அவனை ரோடு கிராஸ் பண்ண வைப்பதே அவள் பொறுப்பு. ஐஸ்கிரீம் வாங்கித் தருவதும் அவள். ஆனாலும் அவன்தான் துணை! தாரிணியிலும் அப்படி ஒரு தம்பியை ஏற்றி அனுப்பியிருந்தால், பாவம், முதல் வாரம் முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டிருப்பான். அவனையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசிமேட்டில் விடியற்காலை மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். கூடையோடும் அன்னக்கூடையோடும் மீன் எடுக்க வருகிற பெண்கள் எத்தனை பேர்! ஷேர் ஆட்டோவிலும் மீன்பாடி வண்டியிலும் இருட்டில் வருகிறார்கள். ஏலத்தில் நின்று பேரம் பேசி, மீன் எடுத்து, தெருத் தெருவாக விற்று, பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். என்னிடம் படித்த பலருடைய அம்மாக்கள் அவர்கள். இத்தனை வருஷத்தில் அவர்களைப் பார்த்து "ராத்திரி நேரத்துல தனியா போறியே" என்று யாராவது தடுத்ததுண்டா? குடும்பத்துக்குச் சோறு வேண்டும் என்றால் பெண் தனியாகப் போகலாம். தனக்கு ஆசை என்று சொன்னால்தான் நமக்கு இருட்டும் கடலும் ஞாபகம் வருகிறது.

"அவங்க நேவி டீச்சர், பின்னாடி அரசாங்கமே நிக்குது" என்பீர்கள். உண்மைதான். நானும் அதைத்தான் சொல்ல வருகிறேன். அவர்களை யாரும் ஒருநாள் காலையில் படகில் ஏற்றிப் போய் வா என்று அனுப்பிவிடவில்லை. சுமார் மூன்று வருஷம் பயிற்சி. முதலில் ஆறு பேர் குழுவோடு நீண்ட பயணம். பிறகு இரண்டு பேராக அந்தமான் வரை. பிறகு 2024-ல் இரண்டு பேராக மொரீஷியஸ் வரை. அதற்குப் பிறகுதான் உலகம். பயிற்சி கொடுத்தவர் அபிலாஷ் டோமி. 2013-ல் எங்கும் நிற்காமல் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றி முடித்த முதல் இந்தியர். 2018-ல் இன்னொரு பயணத்தின்போது புயலில் முதுகெலும்பு அடிபட்டு, நடுக்கடலிலிருந்து மீட்கப்பட்டார். அத்தோடு விட்டுவிடவில்லை. மீண்டும் அதே போட்டிக்குப் போய் 2023-ல் இரண்டாவதாக வந்தார். கடலின் ஆபத்தை உடம்பில் வாங்கியவர் தன் மாணவிகளை வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. கற்றுக்கொடுத்து அனுப்பினார். ஆசிரியர் வேலை பார்த்தவள் என்ற முறையில் அவருக்கு என் வணக்கம்.

அவருடைய மகள் போக நினைப்பது பாய்மரப் படகும் அல்ல, சரக்குக் கப்பல். பெரிய கப்பலில் சாதாரணமாக இருபது பேர் அளவில் இருப்பார்கள். நாலு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு என்று முறை போட்டு வேலை. கூட ரேடார், சாட்டிலைட் போன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் லாரியை வரிசையில் நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க ஸ்டியரிங்மேல் சாய்ந்து தூங்குகிற அவளுடைய அப்பாதான், உண்மையில் அந்த வீட்டில் தனியாக இருப்பவர்.

ராதிகா மேனன் என்று ஒரு கேப்டனைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இந்திய வணிகக் கப்பல்களில் கேப்டன் ஆன முதல் பெண். 2015 ஜூனில் வங்கக் கடலில், ஒடிசாவுக்கு அருகே, ஆந்திர மீன்பிடிப் படகு ஒன்று இன்ஜின் நின்றுபோய்ப் புயல் காற்றில் தத்தளித்தது. ஏழு பேர். அந்த வழியாக எண்ணெய்க் கப்பலை ஓட்டி வந்த இந்த அம்மா கப்பலைத் திருப்பி, அந்தக் கொந்தளிப்பில் முயன்று, ஏழு பேரையும் மேலே ஏற்றினார். 2016-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீரதீர விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அந்த ஏழு வீட்டிலும் போய்க் கேளுங்கள், பொம்பளைக்குக் கப்பல் எதற்கு என்று.

தாரிணி வந்து சேர்ந்த மறுநாளே, 2025 மே 30 அன்று, புனே அருகே தேசிய பாதுகாப்பு அகாடமியிலிருந்து முதன்முதலாக 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். கதவு திறந்தாகிவிட்டது. நம் வீட்டுக் கதவுதான் பாக்கி.

சரி, அந்த அப்பாவின் பயம் முழுக்கத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கப்பல் வேலையில் உலக அளவில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. கப்பலில் அவள் ஒருத்தியே பெண்ணாக இருக்க நேரலாம். தொந்தரவு கொடுப்பவர்கள் இருக்கலாம். மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்க முடியாது. பணமும் கொஞ்சநஞ்சம் செலவாகாது. இதையெல்லாம் அவளிடம் நானே சொல்லப் போகிறேன். ஆனால் இந்தப் பட்டியலில் 'தனியா' என்ற ஒரு வார்த்தையால் தீர்ந்துவிடுவது எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் விசாரித்துத் தீர்க்க வேண்டும்.

விசாரிக்க வேண்டியது இவ்வளவுதான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் எடுத்திருக்க வேண்டும். இங்கிலீஷ் மதிப்பெண்ணும் பார்ப்பார்கள். கண் பார்வை, நிறம் பிரித்தறிவது இரண்டையும் முதலிலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள், பணம் கட்டிய பிறகு அல்ல. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகமே நம் சென்னையில், உத்தண்டியில் இருக்கிறது. நேரில் போய்ப் பாருங்கள். கல்லூரிக்குக் கப்பல்துறை தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். "பணம் குடு, நேரா கப்பல்ல ஏத்தி விடறேன்" என்கிற ஏஜென்டுகள் நம் பக்கத்தில் அதிகம். அவர்கள்தான் உண்மையான ஆபத்து, கடல் அல்ல. படித்து முடித்த பெண்கள் இரண்டு பேரையாவது தேடிப் பிடித்து அவளைப் பேச வையுங்கள். என் மாணவர்களில் கப்பலில் இருப்பவர்கள் இதைப் படித்தால் கீழே எழுதுங்கள். அந்தப் பிள்ளைக்கு உங்கள் பேச்சு என் பேச்சைவிட உதவும்.

கடைசியாக ஒன்று. இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தொண்ணூறுகளில் என் ஐந்தாம் வகுப்பில் காசிமேட்டுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். மூன்றாவது வரிசையில் உட்காருவாள். ஒருநாள் தொழில்கள் பற்றிப் பாடம் நடத்தினேன். மீனவர் என்று சொன்னதும் எழுந்து நின்றாள். "எங்கப்பா போட்ல போறாரு, எங்கண்ணன் போறான். நானும் போலாமா டீச்சர்?"

"பொம்பளைங்க கடலுக்குப் போகக்கூடாதும்மா, உட்காரு" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். ஏன் போகக்கூடாது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. பயிற்சிப் பள்ளியில் எனக்கு யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊரில் சொல்வதைப் பாடம் மாதிரி நானே சொல்லிவிட்டேன். டீச்சர் சொன்னதால் முப்பது பிள்ளைகள் அதை நம்பியிருப்பார்கள். இன்றைக்குப் போன் செய்த லாரி டிரைவர் அந்த வகுப்பில் இருந்தாரா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்திருக்கலாம். அவர் இன்று சொல்கிற 'பொம்பளப் புள்ள, நடுக்கடல்' என்பது நான் போட்ட விதையாகவும் இருக்கலாம்.

அவள் பெயர் எனக்கு நினைவிருக்கிறது, இங்கே எழுதவில்லை. அம்மா, நீ இதைப் படித்தால், அன்றைக்கு நான் சொன்னது தப்பு. உனக்குப் பெண் பிள்ளை இருந்தால் அவளிடமும் சொல்லு, டீச்சர் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வா. டீச்சர் டிரெய்னிங் நல்ல படிப்புதான், எனக்குச் சோறு போட்ட படிப்பு. அவளுக்கு ஆசை இருந்தால் நானே ஃபார்ம் நிரப்பித் தருகிறேன். ஆசை இல்லாதவளை வகுப்பறையில் நிறுத்தாதே, பிள்ளைகளுக்கும் பாவம், அவளுக்கும் பாவம். கப்பல்தான் என்றால் நாம் மூன்று பேருமாக ஒருநாள் உத்தண்டி போய்விட்டு வருவோம். உன் லாரியில் வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம். துணைக்கு யாரும் வேண்டாம். அவள் இருக்கிறாளே, நம் இரண்டு பேருக்கும்.

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தால் அவசரப்பட்டு அடியில் நுழையாதே. நின்று வா. நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்